தீப்பிடிக்காத மெத்தை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சினிமா தியேட்டருக்கு இருக்கை வாங்க வந்த பெரிய மனிதர்கள் முன்னால் ஸ்பாஞ்சுத் துண்டை இடுக்கியில் பிடித்து லைட்டரைக் காட்டினேன். ஓரம் கறுத்தது, சுருங்கியது, புகைந்தது, தானாகவே அணைந்தது. கை தட்டினார்கள். சாதா ஸ்பாஞ்சு என்றால் எண்ணெய்த் துணி மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும். எங்களுடையது மருந்துத் தொட்டியில் ஊறி வந்தது, பற்றாது. மானேஜர் பக்கத்தில் நின்று, அவரே பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி அந்தக் கறுத்த துண்டைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

அப்புறம் வழக்கம்போல வெட்டு மேசை. மின்கத்தி ஓட ஓட மஞ்சள் தூள் பறக்கிறது. இமையில், காதில், சாப்பாட்டு டப்பாவில், எங்கே என்று கேட்கக் கூடாது. சாயங்காலம் காற்றுக் குழாயை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் அடித்துத் தூளை ஊதிவிட்டுக் கிளம்பினோம். எதிர் மேசைக்காரி என் முதுகில் அடிக்கும்போது கூச்சம் தாங்காமல் நான் நெளிய, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளுக்குச் சிரிப்பு என்றே பேர். நிஜப் பேர் சம்பளத்தன்றுதான் எங்களுக்கே ஞாபகம் வரும்.

மார்ச் 8, சனி

பை நாள். வாரக் கடைசியில் வெட்டுத்துண்டுகளை வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் வரிசையில் யார் வீட்டுத் தலையணையும் கடையில் வாங்கியது கிடையாது. எனக்கு மட்டும் அண்ணன் தனியாக எடுத்துவைப்பான். தொட்டி அறைக்கும் வெட்டு மேசைகளுக்கும் அவன்தான் சூப்பர்வைசர், அந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் கூடப் பிறந்து என்ன பயன்? இன்றைக்கும் வாசல்வரை வந்து பையை நீட்டினான். "பெரிய துண்டா பார்த்துப் போட்டிருக்கேன், குட்டிக்குச் சரியா இருக்கும்."

என் மகள் குட்டியின் மெத்தை முழுக்க இந்தத் துண்டுகள்தான். அவள் அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்தால் சிகரெட்டும் கையுமாகக் கட்டிலில் சாய்கிற ஆள். இரண்டு தடவை போர்வையில் நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்தது. மூன்றாவது தடவைக்குக் காத்திருப்பேனா? உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத தீப்பிடிக்காத மெத்தையை நானே தைத்துப் போட்டேன். தலையணையும் அதே. அதன் மூலையைச் சப்பினால்தான் இந்த மூன்றரை வயசு ராணிக்குத் தூக்கம் வரும்.

மார்ச் 14, வெள்ளி

குட்டியை டாக்டரிடம் காட்டினேன். ஒரு மாதமாகச் சோர்ந்து சோர்ந்து உட்காருகிறாள், முடி கொத்தாக வருகிறது. ரத்தத்தில் தைராய்டு சரியில்லையாம். இந்த வயதில் அபூர்வம் என்றார். சொந்தத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். இருக்கை செய்கிற கம்பெனி என்றேன். பேனாவைக் கொஞ்ச நேரம் எழுதாமல் வைத்திருந்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எழுதுகிறேன். எழுதாவிட்டால் எதையாவது போட்டு உடைப்பேன்.

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவன் கடைக்குப் போயிருந்தான். குட்டி தூக்கத்துக்குச் சிணுங்கினாள். தலையணையை வீட்டிலேயே விட்டு வந்துவிட்டேன். பரவாயில்லை, போன வருஷம் இவர்களுக்கும் நான் நாலு தைத்துக் கொடுத்தேனே, நீலக் கரை வைத்து, அதில் ஒன்றை எடுக்கலாம் என்று அறைக்குள் போனேன். கட்டிலில் இருந்ததெல்லாம் கடைத் தலையணை. பஞ்சு. அமுக்கினாலே தெரிந்துவிடும், என் கைக்குத் தெரியாத ஸ்பாஞ்சா?

"அண்ணி, நான் தைச்சது எங்க?"

"அதுவா? மொட்டைமாடில மூட்டை கட்டிப் போட்டிருக்கேன். குப்பைக்காரன் எடுக்க மாட்டேங்கறான்."

"நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்கு?"

அண்ணி தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள். "அந்த மருந்து ஆகாதாமே. தூசியோட தூசியா உடம்புக்குள்ள போயிடுமாம், போனா லேசுல வெளிய வராதாம், சின்னப் புள்ளைங்களுக்குச் சுத்தமா ஆகாதாம். கம்பெனி மீட்டிங்ல சொன்னாங்கன்னு உங்கண்ணன் வந்து அன்னிக்கே எல்லாத்தையும் தூக்கி வெளிய போடச் சொல்லிட்டாரு. வேலைக்குப் போற சட்டையக்கூட வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டாரே, பின்பக்கக் குழாயடிலயே மாத்திக்கிறாரே, நீ பார்த்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். துரைக்கு வரவர சுத்தம் அதிகமாகிவிட்டது என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன்.

"எப்போ சொன்னாங்களாம்?"

"போன வருஷம் பள்ளிக்கூட லீவு சமயம்..." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த தட்டை வைத்தாள். "ஏன், உன்கிட்ட சொல்லலையா?"

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் மூட்டை. வாய் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. உள்ளே என் நீலக் கரை தெரிந்தது.

போன வருஷ லீவு. அதற்கப்புறம் எத்தனை சனிக்கிழமை? வாசல்வரை வந்து வந்து கொடுத்தானே. பெரிய துண்டாகப் பார்த்து!

மார்ச் 24, திங்கள்

தொட்டி அறைக்குப் பின்னால் பிடித்தேன். சண்டை போடவேண்டும் என்றுதான் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அண்ணி சொல்லிவிட்டிருக்கிறாள் என்பது தெரிந்தது.

"நிரூபணமே ஆகலம்மா. ஆகலாம்னு சொன்னாங்க, அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா உன் வீட்ல எதுக்கு மூட்டை கட்டின?"

யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா நீ சும்மா இருப்பியா? உன் வாய் எனக்குத் தெரியாதா? மறுநாளே மேசை மேசையா போய் தண்டோரா போடுவ. சூப்பர்வைசருங்களைத் தவிர யாருக்கும் போகக் கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னாங்க. விஷயம் வெளிய போனா முதல்ல யார் தலை உருளும்? என் தலைதான்."

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பயந்தாங்கொள்ளி, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனால் ஒன்று கேட்காமல் வர முடியவில்லை.

"சரி, சொல்லல. பையாவது குடுக்காம இருந்திருக்கலாம்ல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நிறுத்தினா ஏன்னு கேப்ப."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவனுக்கு ஒன்றுமே ஆடவில்லை. என் பிள்ளை அவன் தோளில் ஏறி உட்கார்ந்து மாமா மாமா என்று காதைப் பிடித்துத் திருகுவாள். அவளை இறக்கிவிட்டுத்தான் பையை எடுத்து நீட்டுவான். ஐயோ, எப்படிடா முடிஞ்சுது? ஏன்னு நான் கேட்டுடக் கூடாதுன்னா? அதுக்கா?

மார்ச் 25, செவ்வாய்

மெத்தையை வெளியே போட்டேன். கொளுத்திவிடலாம் என்று பார்த்தால், அதுதான் பற்றாதே. நான் தைத்ததாயிற்றே.

மார்ச் 27, வியாழன்

குட்டி இரண்டு நாளாகப் பகலில் தூங்கவில்லை. பழைய புடவையை மடித்துக் கொடுத்தேன், தூக்கி எறிந்தாள். என் தலாணி எங்கே, என் தலாணி எங்கே என்று கேட்டு அழுதாள். அவள் அப்பா வாசலில் போய் நின்று சிகரெட் குடித்தார். திரும்பி வந்து, "இனிமே வெளியதான் குடிப்பேன்" என்றார். அவரால் முடிந்தது அது. உங்களால்தானே அந்த மெத்தையைத் தைத்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் தெரிந்து செய்யவில்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரிசையில் எல்லோரிடமும் சொன்னேன். என் வாய்க்குப் பயந்துதானே மறைத்தான், அந்த வாய்க்கு ஒரு வேலை வேண்டாமா? சும்மா வம்பு என்று முதலில் யாரும் நிமிரக்கூட இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருக்கும் மூட்டையைச் சொன்னதும் டப்பாக்களை மூடினார்கள். ஒருத்தி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

சிரிப்பு மட்டும் அசையவில்லை. அவளுக்கு இரண்டு தடவை வயிற்றிலேயே கலைந்துபோனது. அந்த இரண்டு தடவையும் லீவு முடிந்து வந்து, எங்களுக்கு முன்னால் அவளே சிரித்தவள்.

"அப்போ என்னோடது ரெண்டும்?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதனால்தானா, அதனால் இல்லையா, இனி எந்த டாக்டர் சொல்லப்போகிறார்? அவளுக்கு அது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டு வாரத்துக்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வருகிற செவ்வாய் கம்பெனிக்கே வந்து விசாரிக்கிறாராம். சனிக்கிழமைப் பை நின்றுவிட்டது. எல்லோருக்கும் கையுறை வந்துவிட்டது, முகத்துக்கு மூடி வந்துவிட்டது. எங்கே இருந்தது இதெல்லாம்? ஒரே வாரத்தில் முளைக்கிறதென்றால் விதை முன்னாலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கம்பெனி தரப்பில் என்ன பதில் என்பதும் தெரிந்துவிட்டது. மருந்தைப் பற்றி சூப்பர்வைசர்களிடம் போன வருஷமே சொல்லியாயிற்றாம், கீழே சொல்லவேண்டியது அவர்கள் பொறுப்பாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று இவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். யாருக்கும் போகக் கூடாது என்று சொன்னதும் இவர்கள், போகவில்லையே என்று கேட்பதும் இவர்கள்.

டாக்டரிடமும் சொன்னேன். நல்ல மனுஷி. "இதனாலதான்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதும்மா. இல்லைன்னும் எழுத மாட்டேன்" என்றார். மாத்திரை தொடரவேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தான்.

செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றான். குட்டி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கலாமா என்று என்னைப் பார்த்தான். தூக்கவில்லை.

"செவ்வாக்கிழமை உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க," என்றான். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் அப்பவே சொன்னாரு, நான்தான் பெருசா எடுத்துக்கலன்னு. என் வேலை தப்பிச்சிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

"அப்போ தெரிஞ்சே என் புள்ளைய அதுல படுக்க வெச்சேன்னு ஆகும்."

"அதெல்லாம் யாரு யோசிக்கப் போறா?"

"நான் யோசிப்பேன். நாளைக்கு இவ வளர்ந்து கேப்பா."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா," என்றான்.

"இருக்கா. பஞ்சுத் தலகாணில தூங்கறா."

இதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிப்போனது. என் சொந்த அண்ணன் முகம். காய்ச்சலில் கிடந்தபோது என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவன். அது பொய்யா? அதுவும் நிஜம்தான். இரண்டும் நிஜம் என்பதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

கிளம்பும்போது அம்மாவை இழுத்தான். அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமா, என்று. அம்மா இருந்திருந்தால் அந்தப் பையை யார் தலையில் கவிழ்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாநாட்டு அறையில் நடந்தது. நான் அந்த அறைக்குள் போனதே இல்லை. சில்லென்று இருந்தது, தூள் வாசனையே இல்லை. ஒரு பக்கம் அதிகாரி, எதிரே மானேஜர், பக்கத்தில் கம்பெனி வக்கீல். ஓரத்து நாற்காலியில் அண்ணன், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிவைத்த பையன் மாதிரி.

"இந்த மருந்து உடம்புக்கு ஆகாம போகலாம்னு உங்க சூப்பர்வைசர் உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா?" என்று அதிகாரி கேட்டார்.

அவன் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பார்த்துவிட்டேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லல," என்றேன். "அவரும் சொல்லல, அவருக்குச் சொன்னவங்களும் சொல்லல. இதோ உக்காந்திருக்காரே மானேஜர், தினமும் எங்க மேசையத் தாண்டித்தான் போவாரு. நாங்க அந்தத் தூளுக்கு நடுவுல சாப்பிடறதப் பார்த்துக்கிட்டே போவாரு. சொல்லக் கூடாதுன்னு சூப்பர்வைசர் வாய்க்குப் பூட்டுப் போட்டதே இவங்கதான்."

வக்கீல் பேனாவைத் தூக்கினார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போதும். மத்தது இவங்களுக்கு நேர்ல தெரிஞ்ச விஷயம் இல்ல, செவிவழிச் செய்தி."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அப்புறம் குனிந்து எழுதினார். ஒரு வார்த்தைதான் எழுதினார். நான் பேசியது அத்தனை, அவர் கை நகர்ந்தது அவ்வளவுதான்.

"பூட்டுப் போட்டாங்களான்னு இவரையே கேளுங்க," என்று அண்ணனைக் காட்டினேன். சொல்லுடா. இப்பவாவது வாயைத் திறடா. மானேஜர் அவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்தவாறே, "அப்படி எல்லாம் யாரும் சொல்லல சார்" என்றான்.

அவனுக்காகத்தான் அந்தப் பூட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனே வந்து அதை ஊதி அணைத்தான்.

ஏப்ரல் 16, புதன்

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. மானேஜர் இருக்கிறார்.

மே 20, செவ்வாய்

எழுதவே பிடிக்காமல் இருந்தது. சுருக்கமாக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஒரு டயர் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். அண்ணி மட்டும் எப்போதாவது பேசுகிறாள். "மானேஜர் கைவிட மாட்டாருன்னு நம்பி வாயை மூடிக்கிட்டாரு" என்று சொல்லி அழுதாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்களாம். அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

குட்டி கொஞ்சம் ஓடி ஆடுகிறாள். பஞ்சுத் தலையணைக்கு ஒருவழியாகப் பழகிவிட்டாள். மறு பரிசோதனை வந்தால்தான் சரியாகத் தெரியும். தினமும் சீப்பில் எவ்வளவு முடி வருகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், அவள் பார்க்காதபோது.

சிரிப்பு வேலையை விட்டுவிட்டாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி உத்தரவுப்படி பாதுகாப்புக் குழு என்று ஒன்று வைக்கவேண்டுமாம், அதில் தொழிலாளி ஒருவர் இருக்கவேண்டுமாம். யார் போவது என்று கேட்டதும் எங்கள் வரிசை முழுக்க என்னைக் காட்டியது. "வாய் இருக்கறவதான் போகணும்" என்றார்கள். கடைசியில் என் வாய்க்கும் ஒரு பதவி.

ஜூன் 17, செவ்வாய்

முதல் கூட்டம். அதே சில்லென்ற அறை. இந்தத் தடவை எனக்கும் நாற்காலி, டீ, பிஸ்கட்டு. ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் வந்திருந்தார். மானேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். பழைய மருந்தை நிறுத்திவிட்டார்களாம், அடுத்த வாரம் முதல் வேறு மருந்தாம், புதுசாம்.

"இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதா சார்?" என்று கேட்டேன்.

"பழசுக்கு இது எவ்வளவோ மேல்."

"சோதிச்சுட்டாங்களா?"

"சோதிச்சுக்கிட்டே இருக்காங்கம்மா. முழுசா தெரிய நாளாகும். அதுவரைக்கும் இதப் பத்திக் கீழ பேசி எதுக்கு வீண் பயம்? நமக்குள்ளயே இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஆட்டினார்கள். அடுத்ததாக வாசல் விளக்கு எரியாததைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. அப்போதுதான் கவனித்தேன், என் தலையும் ஆடியிருந்தது. மற்றவர்களோடு சேர்ந்து, ஒரு பேச்சுக்கு, என்னை அறியாமலே.

உடம்பெல்லாம் கூசியது. எழுந்து, "நான் கீழ சொல்லத்தான் போறேன் சார்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து வந்துவிட்டேன். டீ இடைவேளைக்குள் கடைசி மேசைவரை சொல்லிவிட்டேன். சோதித்து முடித்ததைக் காட்டாமல் புது மருந்தில் ஊறிய ஸ்பாஞ்சில் கத்தி வைக்க மாட்டோம் என்று இருக்கிறார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. என் வேலையும் போகலாம்.

அதெல்லாம் இல்லை, என்னை வேறொன்று அறுத்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக நான் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மீட்டிங்கில் அவனை மிரட்டியிருப்பார்கள், அவன் வியர்த்திருப்பான், குட்டி முகம் கண்முன் வந்திருக்கும், மனசோடு போராடித்தான் சரி என்றிருப்பான் என்று. அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவனை அண்ணன் என்று சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். ஏப்ரலுக்கு அப்புறம் முதல் தடவை. பின்னால் டயர் கடைச் சத்தம் கேட்டது.

"அண்ணா, அன்னிக்கு மீட்டிங்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்களே. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிச்ச?"

காற்று அடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது.

"யோசிக்கலம்மா," என்றான்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.